கிராம்ப்ளிங் கல்லூரியின் பயிற்சியாசிரியர்

கால்பந்து என்ற சொல்லைக் கேட்டவுடனே கொல்கத்தாவில் வாழும் அன்பர்களுக்கு மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் மாலைப்பொழுது நினைவுக்கு வரும். கோவாவிலும் கேரளத்திலும் குடியேறியிருப்போர் தம் ஊர் மைதானத்தை நினைத்துக்கொள்வர். அமெரிக்கர்கள் அதே பெயரால் வழங்கும் ஆட்டமோ முற்றிலும் வேறானது. அதில் கால் பந்தைத் தொடுவதே அரிது. இரு முனையும் கூம்பிய நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். அல்லது ஒருவர் வீச மற்றொருவர் பிடிப்பார். எதிர்க்குழுவினர் அவரை மறித்து மண்ணில் சாய்ப்பார்கள். தலைக்கவசமும் தோட்கவசமும் இன்றி எவரும் களத்தில் இறங்குவதில்லை.

ஆடுகளத்தின் நீளம் 100 கெஜம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் குழுவுக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்கினுள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்துவிட்டால் 6 புள்ளிகள். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னர் ஆட்டம் நின்று, அடுத்து என்ன செய்வதென்று குழு முடிவு செய்துகொண்டு மீண்டும் தொடங்கும். அந்த வகையில் இது பாதி மற்போர், பாதி சதுரங்கம் எனலாம். சதுரங்கப் பகுதியைத் தம் கையில் வைத்திருப்பவர் ஒருவர். அவருக்குக் 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிர்க்குழு நிற்கும் நிலையைக் கண்ணால் அளந்து, பந்தை ஒருவர் கையில் கொடுப்பதா, தொலைவில் ஓடுபவருக்கு வீசுவதா என்பதை இரண்டு மூன்று நொடிக்குள் தீர்மானிக்க வேண்டியவர் அவரே. ஏனைய பத்துப் பேரும் அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இவ்வளவு விளக்கமும் எதற்கென்றால், அந்த ஓர் இடத்தை முன்னிட்டு அமெரிக்காவில் நெடுங்காலம் நிலவிய ஒரு வழக்கத்தைச் சொல்வதற்காகத்தான். கறுப்பின இளைஞன் விரைவாக ஓடுவான், வலிமையாக மோதுவான். ஆனால் சிந்தித்துத் தலைமை தாங்கும் வேலை அவனுக்கு வராது என்பது வெள்ளையர் நடத்திய குழுக்களின் எண்ணம். எழுதப்படாத இந்தச் சட்டத்தைப் பொய்யாக்குவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் எடி ராபின்சன் என்ற பயிற்சியாசிரியர்.

அவர் 1919-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் லூசியானா மாநிலத்தில் ஜாக்சன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர். தாய் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். இனத்துக்கு இனம் தனி ரயில் பெட்டி வைப்பது குற்றமன்று என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1896-ஆம் ஆண்டு தீர்ப்பளித்ததே, அந்த வழக்குப் பிறந்ததும் இதே லூசியானாவில்தான். ரயிலில் தொடங்கிய பிரிவினை பள்ளிக்கூடம், உணவு விடுதி, மருத்துவமனை, தண்ணீர்க் குழாய் வரை பரவியிருந்த காலத்தில் ராபின்சன் வளர்ந்தார்.

குடும்பம் பின்னர் மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜுக்குப் பெயர்ந்தது. அங்கே தொடக்கப்பள்ளியில் படிக்கும்போது, கறுப்பர் உயர்நிலைப்பள்ளியின் பயிற்சியாசிரியர் ஒருவர் தம் குழுவினரோடு பள்ளிக்கு வந்தார். அவரிடம் அந்த இளைஞர்கள் காட்டிய மரியாதையைக் கண்ட சிறுவன், தானும் பயிற்சியாசிரியன் ஆவது என்று அன்றே முடிவு செய்துகொண்டான். சிறு வயதில் நாம் எல்லோரும் இவ்வாறு எத்தனையோ முடிவு செய்கிறோம். மறுவாரம் மறந்தும் விடுகிறோம். இவன் மறக்கவில்லை. லேலண்ட் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றான். அங்கே அவன் ஆடிய இடமும் குவார்ட்டர்பேக் இடமே என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

பட்டம் கிடைத்ததேயன்றி வேலை கிடைக்கவில்லை. பேட்டன் ரூஜில் கால்நடைத் தீவனம் அரைக்கும் ஆலை ஒன்றில், மணிக்கு 25 சென்ட் கூலிக்கு உழைத்தார். அப்போதுதான் மாநிலத்தின் வடபகுதியில், கிராம்ப்ளிங் என்னும் ஊரில், கறுப்பர் கல்லூரி ஒன்று பயிற்சியாசிரியரைத் தேடுகிறது என்ற செய்தி வந்தது. 1941-ஆம் ஆண்டு, தமது 22-ஆம் வயதில், மாதம் 63 டாலர் 75 சென்ட் சம்பளத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டில் டோரிஸ் என்னும் பெண்மணியை மணந்துகொண்டார்.

அந்தக் கல்லூரியின் அன்றைய பெயர் 'லூசியானா நீக்ரோ ஆசிரியப் பயிற்சி மற்றும் தொழிற்கல்வி நிலையம்' என்று பொருள்படும் மிக நீண்ட பெயர். குழுவை உற்சாகப்படுத்தக் கூவுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரி புள்ளி எடுத்துவிடுவான் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். 1946-ஆம் ஆண்டு அது கிராம்ப்ளிங் கல்லூரி எனச் சுருங்கியது. 1974-இல் பல்கலைக்கழகம் ஆயிற்று.

பயிற்சியாசிரியர் என்றால் ஆட்டம் கற்பிப்பவர் என்று மட்டும் கொள்ளலாகாது. மைதானத்தில் புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு இடுவது, அடிபட்டவர் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, ஆட்டம் முடிந்ததும் செய்தித்தாளுக்குச் செய்தி எழுதி அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. முதல் ஆண்டில் வென்றவை 3, தோற்றவை 5. மறு ஆண்டு நடந்ததோ எவரும் எதிர்பாராதது. ஓர் ஆட்டத்திலும் குழு தோற்கவில்லை. எந்த எதிரியும் அவர்களுக்கெதிராக ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

உடனே போர் குறுக்கிட்டது. மாணவர்கள் படைக்குப் போய்விட, 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் கல்லூரிக்குக் குழுவே இல்லை. ராபின்சன் அவ்வூர் உயர்நிலைப்பள்ளிச் சிறுவர்களுக்குப் பயிற்சியளித்தார். பருத்தி எடுப்புக் காலம் வந்தது. ஒரு தந்தை தம் பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து நிறுத்தி வயலுக்கு அழைத்துக்கொண்டார். ஏழைக் குடியானவரிடம் விளையாட்டின் பெருமையைப் பேசிப் பயன் என்ன? ராபின்சன் பேசவில்லை. குழு முழுவதையும் திரட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். எல்லோருமாகச் சேர்ந்து பருத்தியை எடுத்து முடித்தார்கள். பிள்ளைகளும் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். இந்த நிகழ்ச்சி எனக்கு அவருடைய வெற்றிக் கணக்குகள் பலவற்றைவிடப் பெரிதாகப் படுகிறது. தம் மாணவர்கள் எந்த மண்ணிலிருந்து வருகிறார்கள் என்பது, அம்மண்ணிலேயே பிறந்த அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதாயிருக்கவில்லை.

போருக்குப்பின் கல்லூரிக் குழு மீண்டும் உருவாயிற்று. வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்தில் செல்லும்போது வழியிலுள்ள உணவு விடுதிகள் கறுப்பர்களுக்குக் கதவு திறப்பதில்லை. ஆகவே புறப்படுமுன் ரொட்டியில் இறைச்சி வைத்துக் கட்டுச்சோறு கட்டுவதும் பயிற்சியாசிரியரின் வேலைகளுள் ஒன்றாயிற்று. மேற்படிப்புக்கும் இதே நிலைதான். தம் மாநிலத்தில் வெள்ளையருக்கென்றே இருந்த பல்கலைக்கழகத்தில் இடமில்லாமையால் வடக்கே அயோவா மாநிலம் வரை சென்று படித்து, 1954-ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

தொழில்முறைக் கால்பந்து உலகில் 1934 முதல் 1945 வரை தேசியக் கூட்டமைப்பில் கறுப்பர் ஒருவர்கூட ஆடியதில்லை. 1946-இல் கதவு சற்றே திறந்தது. அப்போதும் பெரிய பல்கலைக்கழகங்களில் பயின்றவர்களுக்கே வாய்ப்பு. கறுப்பர் கல்லூரிகளை எவரும் எட்டிப் பார்க்கவில்லை. 1949-ஆம் ஆண்டில் ராபின்சனின் மாணவரான பால் யங்கர் என்பவரை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் குழு அழைத்தது. கறுப்பர் கல்லூரியிலிருந்து அக்கூட்டமைப்புக்குச் சென்ற முதல் ஆட்டக்காரர் அவர்தாம். வழியனுப்பும்போது ராபின்சன் சொன்ன அறிவுரை கடுமையானது. நீ தவறினால், உங்களிடமிருந்த மிகச் சிறந்தவனையே எடுத்துப் பார்த்தோம், அவனே தேறவில்லை என்று சொல்லிவிடுவார்கள். அடுத்தவனுக்கு எப்போது வாய்ப்பு வருமோ தெரியாது என்றார். ஒரு சமூகத்தின் சுமையை ஓர் இளைஞன் தோளில் ஏற்றுவது நியாயமா என்று நாம் கேட்கலாம். ஆனால் ராபின்சன் ஏற்றாவிட்டாலும் அச்சுமை அங்கேதான் இருந்தது. யங்கர் பத்து ஆண்டுகள் அந்தக் கூட்டமைப்பில் நிலைத்து ஆடினார்.

அதன்பின் கிராம்ப்ளிங்கைத் தேடி ஆள் வரத் தொடங்கினார்கள். 1963-ஆம் ஆண்டு, அன்றிருந்த அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தேர்வில், நாட்டிலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பக் புக்கானன் என்னும் கிராம்ப்ளிங் மாணவர். இரு கூட்டமைப்புகளின் வெற்றிக் குழுக்களும் 1967 ஜனவரியில் முதன்முறையாக மோதியபோது, ஒரு பக்கத்தில் புக்கானனும் மறுபக்கத்தில் வில்லி டேவிசும் ஆடினார்கள். இருவரும் ராபின்சனிடம் பயின்றவர்கள். அந்தச் சிற்றூரின் பெயர் நாடெங்கும் பரவலாயிற்று.

ஆயினும் இவர்களெல்லாம் மோதுபவர்கள், மறிப்பவர்கள், ஓடுபவர்கள். குவார்ட்டர்பேக் இடம் மட்டும் மூடியே இருந்தது. கல்லூரியில் அந்த இடத்தில் ஆடிய கறுப்பினத்தவரைத் தொழில்முறைக் குழுக்கள் எடுத்துக்கொண்டால், உடனே வேறோர் இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றத்துக்கு இசையாதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்தப் பூட்டைத் திறக்க ராபின்சன் ஆயத்தம் செய்த இளைஞர் ஜேம்ஸ் ஹாரிஸ். உயரமானவர், வலிய கையினர். தொழில்முறைக் குழுக்களில் என்ன கேட்பார்களோ அதையெல்லாம் கல்லூரியிலேயே அவருக்குக் கற்பித்தார் ராபின்சன். வேறு இடத்துக்கு மாறச் சொன்னால் இசையாதே என்றும் உறுதி வாங்கினார். தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம். சிறந்தவர்கள் முதற் சுற்றுகளிலேயே போய்விடுவார்கள். 1969-ஆம் ஆண்டில் ஹாரிஸின் பெயர் எட்டாம் சுற்றில்தான் வந்தது. மனம் உடைந்த அவர், போகாமலே இருந்துவிடலாமா என்று எண்ணினார். ராபின்சன் அவரை அழைத்துச் சொன்னதன் சாரம் இதுதான்: போவதும் போகாததும் உன் விருப்பம், ஆனால் போனபின் தோற்றுத் திரும்பி வந்து, கறுப்பனாகப் பிறந்ததால் தோற்றேன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. ஹாரிஸ் போனார். பஃபலோ குழுவில் அவ்வாண்டின் முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக்காக இறங்கினார். 1974-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் குழுவுக்குத் தலைமை தாங்கி இறுதிச்சுற்று ஆட்டம் ஒன்றிலும் வென்றார்.

அறுபதுகள் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி உரிமை கேட்ட ஆண்டுகள். ராபின்சன் ஊர்வலங்களில் நடந்தவர் அல்லர். நாட்டின்மீது அவருக்கிருந்த பற்று ஆழமானது. அமெரிக்காவைப்போல் ஒரு நாடு இல்லை என்று மாணவர்களிடம் ஓயாமல் சொல்வார். உணவு விடுதியில் இடம் தராத நாட்டைப் பற்றியா இவர் இப்படிப் பேசுகிறார் என்று இளைஞர் சிலர் வெகுண்டதுண்டு. 1967-ஆம் ஆண்டில் கிராம்ப்ளிங் மாணவர்களே, கல்வியைவிட விளையாட்டுக்கு இங்கே முதன்மை தரப்படுகிறது என்று கிளர்ச்சி செய்தார்கள். அக்குறையில் உண்மை இல்லையென்று தள்ளிவிட முடியாது. கல்லூரியின் புகழெல்லாம் ஆடுகளத்திலிருந்தே வந்தது. ராபின்சனின் சார்பில் ஒன்று சொல்லலாம். விடியற்காலையில் பெரிய மணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு விடுதித் தாழ்வாரங்களில் அடித்தபடி நடந்து, உறங்குபவர்களை எழுப்பி வகுப்புக்கு விரட்டுவது அவருடைய அன்றாட வழக்கம். தொழில்முறை ஆட்டம் சிலருக்கே வாய்க்கும், பட்டம் எல்லோருக்கும் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊர்வலமும் மணியும் ஒன்றுக்கொன்று ஈடாகுமா என்பதில் அன்றும் இரு கருத்து இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஹாரிஸுக்குப்பின் வந்தவர் டக் வில்லியம்ஸ். 1978-ஆம் ஆண்டுத் தேர்வில் டாம்பா பே குழு அவரை முதற் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது, குவார்ட்டர்பேக்காகவே எடுத்துக்கொண்டது. எனினும் அவருக்குக் கிடைத்த ஊதியம், வேறு குழுக்களில் களத்துக்கு வெளியே அமர்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர் சிலருடையதைவிடக் குறைவு. ஐந்தாண்டுகளில் அங்கிருந்து விலகினார். இடையில் வேறொரு கூட்டமைப்பில் ஆடிவிட்டு, கடைசியில் வாஷிங்டன் குழுவில் தாமே மாற்று ஆட்டக்காரராக அமர்ந்திருந்தார்.

1988 ஜனவரி 31-ஆம் நாள், சான் டியேகோ நகரில் அவ்வாண்டின் இறுதிப் போட்டி. வாஷிங்டன் குழுவின் குவார்ட்டர்பேக்காக இறங்கியவர் டக் வில்லியம்ஸ். அத்தகைய இறுதிப் போட்டியை அவ்விடத்திலிருந்து தொடங்கிய முதல் கறுப்பினத்தவர் அவரே. முதற் பகுதியில் டென்வர் குழு 10 புள்ளிகள் எடுத்தது, வாஷிங்டனுக்கு ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு வில்லியம்ஸின் முழங்கால் பிறழ்ந்து, அவர் களத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. இரண்டாம் பகுதியில் நொண்டியபடியே திரும்பினார். அந்த 15 நிமிட ஆட்ட நேரத்துக்குள் வாஷிங்டன் 35 புள்ளிகள் எடுத்தது. எல்லைக்கோட்டை ஐந்து முறை கடந்ததில் நான்கு அவர் வீசிய பந்தால் விளைந்தவை. முடிவில் 42-க்கு 10. அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீரர் என்ற விருதும் அவருக்கே.

அரங்கில் அமர்ந்து அதைக் கண்டவர்களுள் 68 வயது ராபின்சனும் ஒருவர். ஆட்டம் முடிந்ததும் மாணவரைத் தழுவிக்கொண்டு அவர் பேசியது கால்பந்தைப் பற்றியன்று. 1938-இல் ஜோ லூயிஸ் என்னும் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜெர்மானியரான ஷ்மெலிங்கை முதற் சுற்றிலேயே வீழ்த்திய இரவில் எங்களுக்கு எப்படி இருந்தது என்பதை நீ அறியமாட்டாய், உனக்கு வயது போதாது. இன்று நீ செய்தது அதுதான் என்றார்.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியாது. அமெரிக்கர்கள் எதையும் எண்ணிப் பார்ப்பவர்கள். அலபாமாவின் புகழ்பெற்ற வெள்ளையினப் பயிற்சியாசிரியர் பேர் பிரையன்ட் பெற்ற 323 வெற்றிகளே பெருங் கல்லூரிகளின் வரலாற்றில் உச்சமாக இருந்தன. 1985 அக்டோபர் 5-ஆம் நாள் டல்லாஸ் நகரில் ராபின்சனுக்கு 324-ஆவது வெற்றி கிட்டியது. பத்தாண்டுகளுக்குப்பின் 1995-இல் அது 400 ஆயிற்று. பிற்காலத்தில் வேறு சிலர் இந்தக் கணக்கைக் கடந்துவிட்டார்கள். கணக்கைப் பற்றிக் கேட்டால் ராபின்சன், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வேலையிலும் ஒரே மனைவியோடும் இருந்ததுதான் என் உண்மையான சாதனை என்பார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எந்தப் பிரிவினையால் அவர் மாணவர்கள் துன்புற்றார்களோ, அந்தப் பிரிவினைதான் மாநிலத்தின் சிறந்த கறுப்பின ஆட்டக்காரர்களை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது. அவர்கள் போவதற்கு வேறிடம் இல்லை. எழுபதுகளில் தென்மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கின. பெரிய மைதானமும் பெரிய செல்வமும் உடைய அவற்றோடு கிராம்ப்ளிங் எப்படிப் போட்டியிடும்? பேட்டன் ரூஜிலுள்ள பெரும் பல்கலைக்கழகத்துக்கு இளைஞர் போவதைக் கண்டு அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். அவர்களை இழந்து வருந்தியுமிருக்க வேண்டும். இறுதி மூன்று ஆண்டுகளும் தோல்விகளே மிகுந்தன. 1996-ஆம் ஆண்டின் முடிவில் பல்கலைக்கழகத்தார் அவரை விலகச் செய்ய முனைந்தார்கள். நாடெங்குமிருந்து எதிர்ப்பு எழவே, மேலும் ஓர் ஆண்டு தந்தார்கள். அந்த ஆண்டிலும் 3 வெற்றி, 8 தோல்வி. 1997 நவம்பரில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆடிய கடைசி ஆட்டத்தில் அவர் குழு 30-க்கு 7 என்று தோற்றது. மொத்தக் கணக்கு 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை. அவரிடம் பயின்று தொழில்முறைக் குழுக்களுக்குச் சென்றவர்கள் 200 பேருக்கு மேல்.

அவர் விட்டுச் சென்ற இடத்துக்கு 1998-ஆம் ஆண்டில் வந்து அமர்ந்தவர் டக் வில்லியம்ஸ். 2000 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தம் வட்டாரக் கோப்பையைக் கிராம்ப்ளிங்குக்குப் பெற்றுத் தந்தார். அப்போது ராபின்சனை மறதி நோய் பற்றிக்கொண்டிருந்தது. பெயர்களையும் ஆட்டங்களையும் அரை நூற்றாண்டுக் காலம் விரல் நுனியில் வைத்திருந்த அம்மனிதரிடமிருந்து அவை ஒவ்வொன்றாக நழுவின.

2007 ஏப்ரல் 3-ஆம் நாள், தமது 88-ஆம் வயதில் அவர் காலமானார். உடலைப் பொதுமக்கள் பார்வைக்கென்று பேட்டன் ரூஜிலுள்ள மாநிலச் சட்டமன்ற மாளிகையில் வைத்தார்கள். மணிக்கு 25 சென்ட் கூலிக்கு அவர் தீவன ஆலையில் உழைத்தது அந்த நகரத்தில்தான். மூன்றாண்டுகள் கழித்துக் கிராம்ப்ளிங்கில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.